விலாங்குக்குப் போர்த்திய பத்திரிகை

பாம்புக்குச் செவுள் உண்டா? பதில் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள். திகனவில் ஒரு மீன் கடையில் அன்று காலை ஒரு கைகூட உயரவில்லை.

மஹய்யாவையிலிருந்து பஸ் பிடித்து வந்து, பதினெட்டு வருடமாக அங்கே மீன் வெட்டுகிறவர் ராஜலிங்கம். திருகோணமலை லொறியில் வந்த பெட்டியை அவர் திறந்தார். ஆறடிக் கடல் விலாங்கு ஒன்று வாயைப் பிளந்துகொண்டு அவரையே பார்த்தது. "அனுப்புங்க, நம்மட கடைல எதுவும் போகும்" என்று தொலைபேசியில் அதை வரவழைத்தவர் முதலாளி இப்திகார்தான். ஆனால் மீன் வாங்க வந்தவர்கள் "பாம்பு!" என்று அலறியதும், "ராஜலிங்கம் எடுத்த மீன்" என்று சொல்லிவிட்டார். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது விலாங்காம். பாவம், விலாங்கை ஏன் ஏசுகிறோம்?

"பகலுக்குள்ள இது போகல்லண்டா நாளக்கி நீங்க வர வேணாம்" என்றார் இப்திகார்.

ராஜலிங்கம் விலாங்கை மேசையில் நீட்டிப் போட்டார். பல்லைக் கண்டுதானே பயப்படுகிறார்கள் என்று நினைத்து, தலையைப் பழைய பத்திரிகையால் போர்த்தினார். இப்போது வெளியே கிடந்தது வழவழவென்று நீண்ட உடம்பு மட்டும். அதுவரை சந்தேகப்பட்டு நின்றவர்களும் ஓடினார்கள்.

அடுத்து, கைத்தொலைபேசியில் தேடி, தெருவோரம் நின்றவர்களுக்குப் படித்துக் காட்டினார். "இங்கிலீஷ்ல இதுக்குப் பேரு கொங்கருங்க! கிரேக்கத்துல கொங்க்ரொஸ். அத லத்தீன்காரன் எடுத்தான், அவங்கிட்டருந்து பிரெஞ்சுக்காரன், அப்பறந்தான் வெள்ளக்காரன். ரெண்டாயிரம் வருசத்துப் பேருங்க!"

"கிரேக்கத்துலயும் பாம்பு பாம்புதான்" என்றது அங்கே நின்ற ஒரு குடை.

பதினொன்றரைக்கு உம்மு குல்சும் வந்தார். செவுளைப் பார்க்காமல் நெத்தலிகூட வாங்காத பெண்மணி.

"தலய ஏன் மூடி வச்சீக்கிற? மையத்தா?" என்று, பிணத்துக்குப் போர்த்தியதுபோல் கிடந்த பத்திரிகையை உருவினார். பழக்க தோஷம், விரல் தானாகவே கழுத்துப் பிளவுக்குள் போனது.

"செவப்பாத்தான் ஈக்கி" என்றவர், சற்று நின்று கடையையே திரும்பிப் பார்த்தார். "அட மடயன்களே, பாம்புக்கு எங்கடா செவுள்? செட்டயும் ஈக்கி! தம்பி, ரெண்டு கிலோ வெட்டுங்க."

ஓடியவர்களும் திரும்பி வந்து வாங்க, பன்னிரண்டு மணிக்கு மேசையில் மிஞ்சியது பத்திரிகை மட்டும்.

"நான்தான் சொல்லி எடுத்த" என்று இப்திகார் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ராஜலிங்கம் கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப காலையில எடுத்தது யாரு மொதலாளி?"

முதலாளிக்கு அவசரமாகத் தொலைபேசி வந்தது. மணி அடிக்கவில்லை, ஆனாலும் வந்தது.

இனி யாராவது ஒரு மீனையோ மனிதரையோ காட்டி "பாம்பு" என்று கத்தினால், தயவுசெய்து ஓடாதீர்கள். பத்திரிகையை விலக்கி, செவுளைப் பாருங்கள்.