குழித்துறைக் கேமராவும் ஆறாவது படமும்

1933, ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறே முக்காலுக்கு நாகர்கோவில் மணிமேடையிலிருந்து புறப்பட வேண்டிய பஸ் ஏழேகாலுக்குப் புறப்பட்டது. டிரைவர் காப்பி குடிக்கப் போயிருக்கிறார் என்றார்கள். அரை மணி நேரம் குடிக்கிற அளவுக்கு அது என்ன காப்பியோ, எனக்குத் தெரியாது. குழித்துறைக்கு இருபது மைல், கட்டணம் பதினாலு சக்கரம், ஏறக்குறைய அரை ரூபாய். என் மடியில் ஒரு துணிப்பை, சட்டைப் பையில் எட்டு ரூபாய். வியாழக்கிழமை என் தங்கை செண்பகத்துக்குக் கல்யாணம். வீட்டில் ஆயிரம் வேலை கிடக்க, மூத்த பிள்ளை மேற்கே பஸ் ஏறப் போகிறான் என்றதும் அம்மை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். என்ன காரியம் என்று கேட்டதற்கு, ஒரு வேலையிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். எனக்கு வீட்டில் விளக்கம் சொல்லிப் பழக்கமில்லை.

காரியம் இதுதான். மாப்பிள்ளைக்குத் தேவிகுளம் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் வேலை. செண்பகம் மலையேறிவிட்டால் வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். அவளுக்கு ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தால், அங்கே அவள் காணும் மலையையும் பனிமஞ்சையும் படம் பிடித்து அனுப்புவாள். எப்படி இருக்கிறாள் என்று நாங்களும் பார்க்கலாம். புதிதாக வாங்க எனக்கு வக்கில்லை. குழித்துறையில் காலஞ்சென்ற மராமத்து ஓவர்சியர் ஒருவருடைய பெட்டிக் கேமரா விலைக்கு இருக்கிறது என்று, நான் குமாஸ்தாவாக இருக்கும் வக்கீல் ஆபீசில் ஒரு கட்சிக்காரர் சொன்னார்.

சுங்கான்கடை தாண்டுகிற வரைக்கும் வயல். வில்லுக்குறிக்கு அப்புறம் தென்னையும் மரச்சீனிக் கிழங்குத் தோட்டமும். தக்கலையில் பத்து நிமிஷம் நின்றோம். ஒன்பதரைக்குத் தொடுவெட்டி சந்தை. அங்கிருந்து குழித்துறை கூப்பிடு தூரம்தான், ஆனால் சந்தைக் கூட்டத்தில் பஸ் ஊர்ந்துதான் போக முடிந்தது. ஆற்றில் செம்மண் கலங்கிய வெள்ளம். ஓவர்சியர் வீடு பாலத்துக்கு இந்தப் பக்கம், ஓட்டு வீடு.

ஓவர்சியரின் மனைவிக்கு நாற்பது வயது இருக்கலாம். கதவுக்கு உள்ளே நின்றபடியே பேசினார். கேமராவைக் கொண்டு வந்து ஸ்டூலில் வைத்தார். கறுப்புத் தோல் ஒட்டிய சதுரப் பெட்டி. முன்னால் ஒரு கண், பக்கத்தில் ஒரு சாவி, பின்னால் சக்கரத் துட்டு அளவுக்குச் சிவப்புக் கண்ணாடி. அதற்குள் ஏழு என்ற எண் தெரிந்தது. விலை பத்து ரூபாய் என்று சொன்னார்கள், என்னிடம் எட்டுத்தான் இருக்கிறது என்றேன். ஏழு தந்தால் போதும், ஆனால் ஒரு காரியம் செய்து தரவேண்டும் என்றார்.

"உள்ள பிலிம் கெடக்கு. எட்டுல ஆறு படம் எடுத்தாச்சு. ஆறாவது நான் எடுத்ததாக்கும். அவிய முத்தத்துல நின்னாவ, நான் அமுக்கினேன். அவியளுக்க படம்னு இந்த வீட்டுல வேற ஒண்ணுமில்ல."

மிச்சம் இரண்டையும் எடுத்து முடிக்காமல் கழுவக் கொடுப்பது வீண் செலவு என்று ஓவர்சியர் வைத்திருந்தாராம். அதற்குள் காய்ச்சல் வந்து ஒன்பதே நாளில் போய்விட்டார். துக்க வருஷம் முடியாததால் இந்த அம்மாள் படி இறங்குவதில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை, தெரியாத ஆள் கையில் கொடுத்துவிடவும் பயம். விலைக்கு வாங்குகிறவர் எப்படியும் ஸ்டூடியோவுக்குப் போவாரே என்று காத்திருந்திருக்கிறார். வெளிச்சம் பட்டால் எல்லாம் போய்விடும் என்று மூன்று தடவை சொன்னார்.

"படத்தக் கொண்டு தருவியளா?"

தருகிறேன் என்றேன். கையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் செய்திருப்பேன்.

பன்னிரண்டு மணிக்குத் திரும்புகிற பஸ். கேமராவைத் துணிப்பையில் வைத்து, பையை மேல்துண்டால் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். மழை பிடித்துக்கொண்டது. என் பக்கத்தில் வெற்றிலை வியாபாரி ஒருவர், தக்கலைக்குக் கிழக்கே போகிறவர். குழந்தைக்கு என்ன தீனம் என்று கேட்டார். குழந்தையில்லை, கேமரா என்றேன். காட்டும் என்றார். காட்ட முடியாது என்பதற்குக் காரணம் சொல்லவேண்டி வந்தது. அவர் பின் சீட்டுக்குத் திரும்பி அதைச் சொல்ல, சுவாமியார்மடம் வருவதற்குள் பஸ் முழுக்க என் கதை பரவிவிட்டது.

அழகியமண்டபத்துக்கு முன்னால் டயர் பஞ்சர். மணி ஒன்று. ஜாக்கி சேற்றில் இறங்கிக்கொண்டே இருந்தது. கல் தேடி வைத்தால் கல்லும் இறங்கியது. நாகர்கோவிலில் ஸ்டூடியோவை மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மறுநாள் கல்யாணத்துக்கு முந்தின நாள். எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. டிரைவரிடம் இரண்டு தடவை சத்தம் போட்டேன். மூன்றாம் தடவை அவர் ஸ்பானரை என்னிடம் நீட்டி, நீரே மாற்றும் என்றார். வண்டி கிளம்பும்போது மூன்றரை.

தக்கலை தாண்டிப் புலியூர்க்குறிச்சியில், கோட்டைச் சுவரோரமாக இரண்டு போலீஸ் சேவகர்கள் கை காட்டி நிறுத்தினார்கள். கஞ்சா கடத்துகிறார்கள் என்று வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்த நேரம் அது. எல்லாரையும் இறக்கி வரிசையாக நிறுத்தினார்கள். மழை விட்டு, வெயில் சுள்ளென்று அடித்தது. அந்த வெயிலைக் கண்டு நான் அப்படி நடுங்கியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மூத்த சேவகர் என் துண்டை அவிழ்த்துப் பெட்டியை எடுத்தார்.

"தொறயும்."

திறக்கக்கூடாது என்றேன். அந்த வார்த்தை போதுமே! இளைய சேவகர் என் பின்னால் வந்து நின்றுகொண்டார். மூத்தவர் பக்கத்துக் கொக்கியில் விரலை வைத்தார். வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா என்று மிரட்டிப் பார்த்தேன். சட்டம் தெரிந்த ஆள்தான் கஞ்சாவைக் கேமராவுக்குள் வைப்பான் என்று அவர் பதில் சொன்னார். பஸ்ஸில் வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபமா பயமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

"இதுக்குள்ள செத்துப்போன ஒரு மனுஷனுக்க படம் இருக்கு. வெளிச்சம் பட்டா போச்சு. அவருக்க பெஞ்சாதிக்கு வேற படமில்ல. திருப்பித் தாறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். என்னை வேணும்னா ஸ்டேஷனுக்குக் கொண்டு போங்க, அங்க இருட்டு முறியில வச்சுத் தொறந்து பாருங்க."

வெற்றிலை வியாபாரி முன்னால் வந்து, அது உள்ளதுதான், குழித்துறை ஓவர்சியர் வீட்டுச் சாமான் என்றார். சேவகர் பெட்டியைக் காதருகே குலுக்கினார், முகர்ந்தார், மறுபடியும் முகர்ந்தார். கொக்கியிலிருந்து விரலை எடுத்தார். துண்டை அவரே சுற்றி என் கையில் வைத்து, கொண்டுபோவும் என்றார். பஸ் படி ஏற வியாபாரிதான் கை கொடுத்தார்.

மணிமேடைக்கு வந்தபோது ஆறேகால். ஸ்டூடியோ பூட்டிக் கிடந்தது. காலை ஒன்பது மணிக்குத் திறப்பார்கள் என்றார் பக்கத்துக் கடைக்காரர். வீட்டுக்குப் போய்க் கேமராவை அலமாரி மேல் வைத்து, ஒருத்தரும் தொடக்கூடாது என்று பொதுவாக ஓர் உறுமல் உறுமினேன். செண்பகம் எட்டிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு உனக்குத் தருவதுதான், அதுவரைக்கும் பொறு என்றேன். அம்மை என்னென்று கேட்டாள். போட்டோப் பெட்டி என்றேன். அத்தோடு சரி.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு வாழைக்குலை எடுக்கப் போனேன். எட்டரைக்குத் திரும்பி வந்தால், செண்பகம் கொண்டுபோக வேண்டிய சாமான்களையெல்லாம் அம்மை பட்டாலைக் கூடத்தில் வரிசையாக எடுத்து வைத்திருந்தாள். குடம், செம்பு, குத்துவிளக்கு. குத்துவிளக்குக்குப் பக்கத்தில், நெற்றியில் குங்குமம் வைத்து, என் கேமரா. கையில் எடுத்தேன், கனத்தது. ஆட்டினேன், கலகலவென்றது.

"வெறும் பெட்டியாட்டுக் குடுக்கப்பிடாதுல்லா, மக்கா. ஒரு பிடி அரிசியும் மஞ்சத்துண்டும் போட்டேன்."

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற எந்தப் பாத்திரத்தையும் வெறுமனே கொடுப்பதில்லை. குடமானால் அரிசி, செம்பானால் சர்க்கரை. போட்டோப் பெட்டி என்று நான்தானே சொன்னேன்! பெட்டியென்றால் அம்மைக்குப் பெட்டிதான். உள்ளே தூசியாக இருந்ததாம். முற்றத்து வெயிலில் வைத்து, ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு அரிசி போட்டிருக்கிறாள். காகிதம் சுற்றிய கட்டை ஒன்று உள்ளே இருந்தது, பிடுங்க வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன் என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

அத்தனை மாதம் இருட்டில் பத்திரமாகக் கிடந்த படமும், முந்தின நாள் நான் கொடுத்த வாக்கும், ஒரு கல்யாண வீட்டில் அரைமணி வெயிலில் காய்ந்து போயிருந்தன. பஸ்ஸில் வந்த முப்பது பேருக்குத் தெரியும், உள்ளே என்ன இருக்கிறதென்று. வழிமறித்த சேவகருக்குத் தெரியும். பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு என்ன கேடு வந்தது? பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஸ்டூடியோக்காரர் இருட்டறையில் திறந்தார். அரிசி தரையில் சிதறுவது வெளியே எனக்குக் கேட்டது. பிலிமுக்குப் பின்னால் காகிதம் சேர்த்துச் சுற்றியிருப்பதால் உள் சுற்றில் இருப்பது பிழைக்கலாம், வெளிச் சுற்று சந்தேகம் என்றார். முதலில் எடுத்த படம் உள்ளே, கடைசியில் எடுத்தது வெளியே. இன்னொன்றும் சொன்னார்: மிச்சம் இரண்டைப் படம் எடுக்காமலே சாவியைக் கடைசிவரை திருகியிருந்தால் காகிதம் முழுக்கச் சுற்றிக்கொள்ளும், பட்டப்பகலிலேயே வெளியே எடுத்திருக்கலாம். அதை நான் குழித்துறையிலேயே, அந்த அம்மாளின் ஸ்டூலில் வைத்துச் செய்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை.

காலிக் கேமராவை வீட்டில் கொண்டு வைத்தேன். அம்மை மறுபடியும் அரிசி போட்டாள். வியாழக்கிழமை கல்யாணம் நடந்தது. பந்தியில் நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது. வெள்ளிக்கிழமை படங்களை வாங்கினேன். ஐந்து படங்கள் அருமையாக விழுந்திருந்தன, ஒவ்வொரு கல்லாக எண்ணலாம். ஐந்தும் ஓவர்சியர் கட்டின, ரோட்டுக்கடியில் தண்ணீர் போகும் கலுங்குகளும் மடைகளும். ஆறாவதில் மேல்பாதி வெள்ளைவெளேரென்று இருந்தது.

செண்பகத்தை மலைக்கு வழியனுப்பி, கல்யாணம் கழிந்த இரண்டாவது செவ்வாய்க்கிழமை அதே பஸ், அதே பதினாலு சக்கரம். வழியெல்லாம் பொய் தேடினேன். ஸ்டூடியோவில் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். பிலிம் பழசு என்று சொல்லலாம். தக்கலை வந்தபோது, சேவகர் திறந்துவிட்டார் என்று சொல்வதாக முடிவு செய்தேன். சேவகருக்காக வாதாட யார் வரப்போகிறார்கள்? குழித்துறையில் இறங்கும்போது அந்தப் பொய்யை நான்கு தடவை சொல்லிப் பார்த்து முடித்திருந்தேன்.

கோழை மாதிரி முதலில் கலுங்குப் படங்களைக் கொடுத்தேன். அந்த அம்மாள் ஒவ்வொன்றையும் வாங்கி, இது திருவட்டாறு போகிற வழியில், இது அருமனைப் பக்கம் என்று ஊர் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு கையை நீட்டினார். ஆறாவதைக் கொடுத்தேன். சேவகரைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். வெளியே வந்தது உள்ளது உள்ளபடிதான். குங்குமம், ஈரத்துணி, அரிசி எல்லாம்.

அவர் கேட்டாரா இல்லையா தெரியவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்புக்கு மேலே ஒன்றுமில்லை. கீழே வேட்டிக் கரை, முற்றத்து மண், இரண்டு பாதம். வலது பெருவிரலில் துணிக்கட்டு.

"இந்தக் கெட்டு நான் கெட்டினதாக்கும்," என்றார். "கலுங்குக் கல்லு விழுந்து நகம் போச்சு. படம் எடுத்த அன்னைக்குக் காலத்த கெட்டிவிட்டேன். மொகம் எனக்குக் கண்ண மூடினா வரும். இது மறந்தே போச்சு, பாத்தியளா."

விரல் நுனியால் அந்தக் கட்டைத் தொட்டார். அப்புறம்தான் அழுதார். நான் முற்றத்தில் இறங்கி, ஆற்றைப் பார்த்தபடி நின்றேன். அந்த முற்றத்தில் எந்த இடத்தில் அவர் நின்றிருப்பார் என்று தெரியாததால் ஓரமாகவே நின்றேன்.

கிளம்பும்போது, அம்மையிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"சொல்லாண்டாம். அவிய அரிசிதானே போட்டாவ."

ஒரு மணி பஸ்ஸில் திரும்பினேன். மழையில்லை, பஞ்சரில்லை, யாரும் வழிமறிக்கவில்லை. மூன்றரைக்கெல்லாம் வீட்டில் இருந்தேன். தபால் வந்திருந்தது, செண்பகத்தின் முதல் கடிதம். குளிர் தாங்க முடியவில்லையாம். போய்ச் சேர்ந்த அன்று, போட்டோப் பெட்டியில் அம்மை போட்ட அரிசியை வெல்லம் சேர்த்துப் பொங்கித்தான் அந்த வீட்டில் முதல் அடுப்பு பற்ற வைத்தாளாம். அம்மைக்கு எழுத்து வாசிக்க வராது. அந்த இடத்தை இன்னொரு தடவை வாசி என்றாள். வாசித்தேன். அப்புறம் இன்னொரு தடவை கேட்டாள். அதையும் வாசித்தேன்.