எங்கள் வீட்டு பி.பி. நம்பர்

செம்பாக்கத்தில் எங்கள் தெருவில் போன் இருந்தது இரண்டே வீட்டில்தான். மற்றவர்கள் எல்லா விண்ணப்பத்திலும் எங்கள் நம்பரைப் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று எழுதிக்கொள்வார்கள். யாருக்குப் போன் வந்தாலும் ஓடிப்போய்க் கூப்பிட்டு வருவது என் வேலை. அப்பாவுக்கு அதில் ஏகப் பெருமை. ஒருவர் பேசும்போது இன்னொருவர் கூப்பிட்டாலும் தெரிய வேண்டும் என்று, எழுதிக் கொடுத்து கால் வெயிட்டிங் வேறு வாங்கி வைத்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டிகிரி முடித்து ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பெங்களூரில் ஒரு கம்பெனியில் இண்டர்வியூ. முடிவை மெயிலில்தான் சொல்வார்களாம். அடம்பிடித்து இண்டர்நெட் பேக் வாங்கினேன். ஒரு வெள்ளிக்கிழமை, போன் ஒயரை மோடத்தில் செருகி, சிடியைப் போட்டு, அட்டையைச் சுரண்டிப் பாஸ்வேர்டு அடித்து, மோடம் கீச்சு கீச்சென்று கத்தி ஓய்ந்து மெயில் திறந்தபோது மணி மூன்றரை. வேலை கிடைத்திருந்தது! ஆனால் கூட வந்திருந்த படிவத்தை நிரப்பி, அன்று ஐந்து மணிக்குள் அனுப்பவில்லை என்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

படிவம் பாதி இறங்கும்போது இணைப்பு அறுந்தது. உடனே போன் அடித்தது. கோடி வீட்டுக்காரரைத் தேடி அவர் மச்சினர். மறுபடி இணைத்தேன், மறுபடி அறுந்தது. இந்த முறை தையல் தைக்கிற அக்காவுக்கு, ஜாக்கெட் ரெடியா என்று. கால் வெயிட்டிங்கின் 'பீப்' சத்தம் மோடத்துக்கு ஆகாது என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

"இது வீடாப்பா, டெலிபோன் பூத்தா?" என்று கத்தினேன்.

"நாலு பேருக்கு உதவுற போன்மா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"எனக்கு வேலை போயிடும்! அந்த நாலு பேரா வந்து சோறு போடுவாங்க?"

அப்பா பேப்பரை விரித்துக்கொண்டார். நான் டைரக்டரியைப் புரட்டி, கால் வெயிட்டிங்கை நிறுத்தும் எண்ணைக் கண்டுபிடித்து அழுத்தினேன். அவரைக் கேட்கவில்லை. இனி யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டுதான். நாசமாய்ப் போகட்டும் என்று இருந்தது.

நாலரை மணிக்கு எதிர்வீட்டு அக்கா குழந்தையோடு வந்து, நான் வேலைக்கு மெயில் அனுப்பப் போராடுவதை அப்பா சொல்லக் கேட்டபடி ஹாலில் உட்கார்ந்தார். அவர் கணவர் துபாயில். வெள்ளிக்கிழமை மட்டும்தான் லீவு, அன்றைக்குத்தான் பூத்தில் வரிசையில் நின்று பேசுவார்.

"மச்சான் இப்ப பண்ணுவாங்கம்மா" என்றார்.

"பண்ணட்டும்க்கா" என்றேன், திரும்பிப் பார்க்காமல். லைன் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். சொன்னால் அப்பா ஒயரைப் பிடுங்கிவிடுவார். சொல்லவில்லை.

அனுப்பியாகிவிட்டது என்று திரையில் வந்தபோது ஐந்துக்கு ஏழு நிமிஷம். இணைப்பைத் துண்டித்ததும் போன் அலறியது. எடுத்தேன்.

"தங்கச்சி, அரை மணியா எங்கேஜ்டு! பின்னாடி நிக்கிறவங்க கத்துறாங்க. அவளைக் கொஞ்சம்..."

ரிசீவரை அக்காவிடம் கொடுத்தேன். "மச்சான், புள்ளைக்கு இந்த வாரம் பூரா காய்ச்சல்..." என்று ஆரம்பித்தவர், இரண்டு முறை ஹலோ ஹலோ என்றார். பிறகு ரிசீவரை மெதுவாக வைத்தார்.

எங்கேஜ்டு என்று அக்காவின் கணவர் கத்தியது ஹாலுக்கே கேட்டிருந்தது. அப்பாவுக்கு வந்ததே கோபம்! எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டார். "பணம் கட்டி கால் வெயிட்டிங் வாங்கியிருக்கேன், எப்படி சார் எங்கேஜ்டு வரும்? என்ன வேலை பாக்குறீங்க?" என்று எவரோ ஒரு ஊழியரை வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் பக்கத்திலேயே நின்றேன். என் மேலேயே எனக்கு அப்படி ஓர் ஆத்திரம், வாயும் திறக்க மாட்டேன் என்கிறது.

அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டினார். திரும்பிப் பார்த்தார்.

"உன் மெயிலு போயிடுச்சாம்மா?"

"போயிடுச்சுக்கா."

"நல்லவேளை" என்றார். "எவ்வளவு நேரமா தவிச்சுக்கிட்டு இருந்தே."