எறங்கு பஸ்

தர்மபுரியிலிருந்து இண்டூர், பென்னாகரம் வழியாக ஏரியூருக்கு ஒரு பஸ் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி அதன் இரண்டு பக்கமும் தன் கம்பெனியின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷத்திலிருந்து வழி நெடுக அதற்கு வழங்கிய பெயர் எறங்கு பஸ். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்த புண்ணியவான் டிரைவர் கிருஷ்ணப்பன்.

இண்டூர்க்காரரான கிருஷ்ணப்பனுக்குப் பயம் அதிகம். அதை அவர் ஒரு நாளும் மறைத்ததில்லை. "ஏனுங்க டைவரே, இந்தத் தூறலுக்கா பயம்?" என்று கேட்டால், "ஆமாங்க, பயந்தான்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸை இன்னும் கொஞ்சம் மெதுவாக்குவார். மழை தொடங்கினால் ஒரு பீடியைப் பிரித்து அந்தத் தூளை முன் கண்ணாடியில் தேய்ப்பார். துளி தங்காமல் வழிந்துவிடும். தண்ணீரைத் தாண்டினால் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே கொஞ்ச தூரம் ஊர்ந்து அதைக் காய வைப்பார். அந்த நேரத்தில் பின்னால் வருகிற மாட்டுவண்டி மணியடித்து வழி கேட்டுத் தாண்டிப் போகும். வண்டிக்காரன் திரும்பிப் பார்த்துச் சிரிப்பதும் உண்டு. அவர் பதிலுக்கு மரியாதையாகக் கும்பிடுவார்.

இதையெல்லாம் ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாதது ஏரியூருக்கு முன்னால் பள்ளம் என்று அவர்கள் சொல்லும் காட்டோடை. கோடையில் அதில் ஆடு மேயும். ஐப்பசியில் தரைப்பாலத்தின் மேலேயே செந்தண்ணி ஓடும். அங்கே கிருஷ்ணப்பனின் சட்டம் ஒன்று இருந்தது. கண்டக்டர் மாது முதலில் ஒரு தடியோடு தண்ணீரில் இறங்கிப் பாலத்தின் நடுவரைக்கும் போவான். முழங்காலுக்கு மேலே தண்ணீர் என்றால் பஸ்ஸும் போகாது, ஆளும் போகக்கூடாது; வடியும் வரை உட்கார வேண்டியதுதான். முழங்காலுக்குக் கீழே என்றால் மாது தன் வெள்ளைத் துண்டை ஆட்டுவான். உடனே கிருஷ்ணப்பன் திரும்பி, "எறங்குங்க" என்பார். காலி பஸ் ஊர்ந்து அக்கரை சேரும். டிக்கெட் வாங்கிய மகாஜனங்கள் கையைக் கோத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வருவார்கள்.

யாருக்கும் விலக்கு இல்லை. ஒரு முறை ஒரு தாசில்தார் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். கிருஷ்ணப்பனின் மாமியார் நஞ்சம்மாளையும் அவர் விடவில்லை. அந்த அம்மாள் புதுச் சேலை நனைந்த கோபத்தில் ஒரு வருஷம் மருமகன் வீட்டில் கை நனைக்காமல் இருந்தாள். அந்த ஒரு வருஷம் கிருஷ்ணப்பன் கொஞ்சம் உடம்பு தேறியதாக மாது சொல்லுவான்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும். பஸ்ஸுக்கு வருமுன் அவர் வண்டி ஓட்டியவர். ராகி மூட்டையோடு அதே பள்ளத்தில், "இதென்ன பெரிய தண்ணி" என்று வண்டியிலிருந்து இறங்காமலே மாட்டை விரட்டினார். வண்டி புரண்டது. அவர் ஒரு புங்க மரத்தைப் பிடித்துக்கொண்டு தப்பினார். செவலைக் காளை போனது போனதுதான். அது கடைசியாகத் தன்னைத் திரும்பிப் பார்த்ததை எட்டு வருஷம் கழித்தும் சொல்லுவார்.

அவருக்கு நேர் எதிர் பச்சியப்பன். அதே வயது, அதே சாலை, வேறொரு முதலாளியின் பஸ். மழையோ மூடுபனியோ, பச்சியப்பனின் ஹாரன் சத்தம் மட்டும்தான் முன்னால் கேட்கும். அடுத்த நொடி பஸ்ஸே போய்விடும். எறங்கு பஸ்ஸைத் தாண்டும்போதெல்லாம் தலையை வெளியே நீட்டி, "கிருஷ்ணப்பா, ஊருக்கு ஏதாச்சும் சேதி சொல்லணுமா?" என்று கேட்காமல் போகமாட்டான்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். முப்பத்தொன்பதாம் வருஷத்துக் கடைசியில் முன் கண்ணாடி மங்கத் தொடங்கியது.

முதலில் கிருஷ்ணப்பன் மாதுவைத் திட்டினார். மாது சாம்பல் போட்டுத் தேய்த்தான், எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தான். மங்கல் போகவில்லை. பிறகு முதலாளியிடம் போய், "கண்ணாடி பழசாயிப் போச்சுங்க" என்றார். முதலாளி முனகிக்கொண்டே சேலத்திலிருந்து புதுக் கண்ணாடி வரவழைத்துப் போட்டார். மாட்டிய மறுநாள் நல்ல வெயில். கிருஷ்ணப்பன் ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்து பார்த்தார். புதுக் கண்ணாடியும் மங்கலாகத்தான் இருந்தது. அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் அவர் மனைவி கோவிந்தம்மாளுக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. ஒரு நாள் காட்டு வழியாக இருவரும் வந்தபோது அவர் வரப்போரம் நின்று, "வாங்க மாமா, சௌக்கியங்களா?" என்று கும்பிட்டார். பதில் வரவில்லை என்றதும் முகம் சுண்டிப்போய், "பாத்தியா, பேச மாட்டேங்கறாரு" என்றார்.

"ஏனுங்க, அது சோளக்காட்டுப் பொம்மைங்க" என்றாள் கோவிந்தம்மாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அழுகையும் வந்தது. "கண்ணுல புரை வுழுந்திருக்குதுங்க. பஸ்ஸ வுட்டுருங்க."

"ஆடி போவட்டும்" என்றார் கிருஷ்ணப்பன். ஆடி போனது. "புரட்டாசி போவட்டும்" என்றார். அதுவும் போனது. அந்தச் சாலை அவருக்கு மனப்பாடம். இண்டூர் தாண்டி எத்தனையாவது புளிய மரத்தில் வளைவு, எந்த மைல்கல்லுக்கு அப்பால் குழி, எல்லாம் விரலில் இருந்தது. முன்னிலும் மெதுவாக ஓட்டினார். முன்னிலும் மெதுவாக ஓட முடியும் என்பதே ஜனங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த ஸ்டியரிங்கை விட அவருக்கு மனசே இல்லை. அதைப் பிடித்திருக்கும்போதுதான் அவர் கிருஷ்ணப்பன். விட்டால் யாரென்று அவருக்கே தெரியாது. ராத்திரி படுத்தால் பஸ்ஸில் வந்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வரும். விடிந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நாற்பதாம் வருஷம் ஐப்பசியில் ஒரு பிற்பகல். நசநசவென்று தூறல். பென்னாகரம் தாண்டி ஒரு வளைவில் பச்சியப்பனின் பஸ் சேற்றில் சறுக்கிச் சாலையோரச் சரிவில் சாய்ந்து கிடந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. இழுக்க மாடு பிடித்து வர ஏரியூருக்குப் போயாக வேண்டும். இடுப்புவரை சேறோடு பச்சியப்பன் எறங்கு பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தான்.

தீர்த்தம்மாள் இப்படி ஒரு நாளுக்காகக் காத்திருந்தவள் போலச் சிரித்தாள். ஏரியூர்க்காரி. பென்னாகரம் சந்தையில் கோழி விற்றுவிட்டு, விற்காத கோழிகளோடு கூடையை மடியில் வைத்துத் திரும்பிக்கொண்டிருந்தாள். "என்னுங்க பச்சியப்பண்ணா, ஊருக்கு ஏதாச்சும் சேதி சொல்லணுங்களா?" என்றாள். பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. பச்சியப்பனும் வேறு வழியில்லாமல் சிரித்தான். கிருஷ்ணப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் புளிய மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

பள்ளம் வந்தது. பஸ் நின்றது. மாது தடியோடு இறங்கிப் போனான். கிருஷ்ணப்பன் பீடியைப் பிரித்துக் கண்ணாடியில் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, துண்டு ஆடுவதற்காகக் காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்தார்.

"டைவரண்ணா, அவன் துண்டை ஆட்டி ஆட்டிக் கையே ஓஞ்சு போச்சு. இன்னும் என்னத்தைப் பாக்கறீங்க?" என்றாள் தீர்த்தம்மாள். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள்.

கிருஷ்ணப்பன் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். எதிரே சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்துகொண்டிருந்தது. அது தண்ணீர். அதற்குள் மாது இருக்கிறான். நடுப்பாலத்தில், இருபது கஜத்தில், வெள்ளைத் துண்டோடு. அவன் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

பின் சீட்டில் சிரிப்பு அடங்கியிருந்தது ஒருவனுக்குத்தான். பச்சியப்பன் முன்னால் குனிந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். "எத்தன நாளா இப்படி?"

கிருஷ்ணப்பன் தோள் துண்டால் கண்ணாடியைத் துடைத்தார்.

"சரி வுடு. நான் பின்னால உக்காந்து சொல்லிக்கிட்டே வரேன். நேராப் போ, எடது, வலதுன்னு. ஒருத்தருக்கும் தெரியாது. நானும் சொல்ல மாட்டேன் கிருஷ்ணப்பா."

அவன் மனசாரத்தான் சொன்னான். கிருஷ்ணப்பனுக்கு ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. இந்த ஒரு தடவை. ஐப்பசி போகட்டும். கால் கிளட்சை மிதித்தது. கை கியரில் போய் நின்றது. அந்தச் சாம்பலுக்குள் எங்கேயோ மாது நின்றுகொண்டிருந்தான்.

கையை எடுத்தார். ஹாண்ட் பிரேக்கை இழுத்தார். பிறகு வழக்கம்போலத் திரும்பினார். அவர் வாயைத் திறக்குமுன்பே ஜனங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

"எல்லாரும் உக்காருங்க" என்றார். "எனக்குக் கண்ணு தெரியலீங்க. மாது நிக்கறது எனக்குத் தெரியலீங்க. இன்னிக்கு எறங்க வேண்டியவன் நாந்தான்."

தீர்த்தம்மாளின் கூடையில் கோழிகள் கொக்கரித்தன. கிருஷ்ணப்பன் ஸ்டியரிங்கை ஒரு முறை தடவிவிட்டுப் படியில் கால் வைத்துக் கீழே இறங்கினார். "நீ ஓட்டு பச்சியப்பா" என்றார்.

பச்சியப்பன் சேற்று வேட்டியோடு அந்த சீட்டில் உட்கார்ந்தான். எத்தனையோ முறை கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய பள்ளம்தான். கண்ணாடி வழியாகத் தண்ணீரைப் பார்த்தான். மாதுவைப் பார்த்தான். ஓரத்தில் நனைந்தபடி நிற்கிற கிருஷ்ணப்பனையும் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, திரும்பாமலே சொன்னான்.

"எறங்குங்க."

"அட, நீங்களுமா?" என்றாள் தீர்த்தம்மாள். ஆனாலும் முதலில் இறங்கியவள் அவள்தான்.

பஸ் மாதுவின் தடியைத் தொடர்ந்து, கிருஷ்ணப்பனே ஓட்டுவதைவிட மெதுவாகப் போனது. பின்னால் ஜனங்கள் கை கோத்தார்கள். கிருஷ்ணப்பன் மட்டும் கரையிலேயே நின்றார். எட்டு வருஷம் எல்லோரையும் நடக்கவிட்ட பாலத்தில் அவர் ஒரு தடவைகூட நடந்ததில்லை. தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு தீர்த்தம்மாள் திரும்பி வந்தாள். அந்தப் பள்ளத்திலேயே துணி துவைத்து, அந்தப் பள்ளத்திலேயே நீந்தி வளர்ந்தவள் அவள்.

"டைவரண்ணா, கையக் குடுங்க" என்றாள். "எனக்குப் பயமா இருக்குது."

அவருக்குத் தெரியாதா என்ன? கையைக் கொடுத்தார்.