அடையாறுக்கு அரைக் கிலோ வெண்ணெய்

மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகர், அங்கிருந்து சைதாப்பேட்டை வழியாக அடையாறு, திரும்ப மயிலாப்பூர். மொத்தம் பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். இதற்கு ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். காசிக்குப் போயிருக்கிறேன், டெல்லியில் மூன்று குளிர்காலம் இருந்திருக்கிறேன். எண்பத்தாறு வயதில் உட்கார்ந்து யோசிக்கும்போது மனம் அங்கெல்லாம் போவதில்லை. 1972 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை போய்வந்த இந்தப் பதினெட்டு கிலோமீட்டருக்குத்தான் போகிறது.

காலை ஏழு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினேன். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு. எங்கள் கம்பெனிக்கு அமெரிக்காவில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்த புது மேனேஜர். அன்று மாலை அடையாறு காந்தி நகரில் அவர் வீட்டில் விருந்து. வெளிநாட்டு இன்ஜினீயர்கள் உட்பட முப்பது பேர். உள்ளங்கையளவு பன்னைப் பிளந்து, சுட்ட மாட்டிறைச்சித் துண்டை வைத்து, மேலே மசாலா வெண்ணெய் தடவிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதைச் செய்யத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் அலுவலகத்தில் டீ போட்டுக்கொண்டிருந்த அந்தோணி. வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் இருபது வருஷம் பட்லராக இருந்தவர். துரை கப்பலேறியதும் டீக்கு வந்துவிட்டார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் தலைமை குமாஸ்தா. அவரை ஒருமையில்தான் கூப்பிட்டேன்.

மேனேஜரிடம் அவரைச் சிபாரிசு செய்தது நான். விருந்து நன்றாக அமைந்தால் நிரந்தரச் சமையல்காரராக வைத்துக்கொள்வதாகவும், பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் அறையைக் குடியிருக்கக் கொடுப்பதாகவும் மேனேஜர் சொல்லியிருந்தார். அந்தோணியின் குடிசை ஆற்றங்கரையில். முந்தைய மழையில் இடுப்பளவு தண்ணீர் புகுந்து, அவர் மனைவி இரண்டு நாள் பள்ளிக்கூட வராந்தாவில் கிடந்தாள்.

வெண்ணெய் மட்டும் என் பொறுப்பு. "உப்பு சேக்காத வெண்ணெயா வாங்கியாங்க சார். உங்க மைலாப்பூர் வெண்ணெய் மாதிரி எங்க கெடைக்கும்" என்று அந்தோணி சொல்லியிருந்தார்.

வாசலில் என் மனைவி தடுத்தாள். "ஆத்துலயே வெண்ணெய் இருக்கே, எதுக்கு வெளில போய் வாங்கறேள்?"

"மேனேஜர் ஆத்துக்கு. நிறைய வேணும்."

அங்கே அது எதற்கு என்று அவள் கேட்பதற்குள் படியிறங்கிவிட்டேன்.

ஏழேகாலுக்கு மாடவீதியில் வெண்ணெய்க் கடை முன்னால் நின்றேன். கடைக்காரர் எனக்கு முன்னால் நின்ற அம்மாளுக்கு வாழையிலையில் வெண்ணெய் உருண்டை வைத்துக்கொண்டே, "ஆஞ்சநேயருக்குச் சாத்தவா மாமி?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். அடுத்து என் முறை. அதே வெண்ணெய், பசுவின் இறைச்சிமேல். கேட்க வாய் வரவில்லை. "அப்புறம் வரேன்" என்று நகர்ந்துவிட்டேன். மாமிசத்தைத் தொட்டது கிடையாது, ஆனால் அதற்கு ஏற்பாடு செய்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. வெண்ணெயில் மட்டும் கூச்சம்.

எட்டு மணிக்குப் பேருந்து, முப்பது காசு. பனகல் பூங்கா அருகே இறங்கி, ஒரு பெரிய கடையில் அரைக் கிலோ பாக்கெட் வெண்ணெய் வாங்கினேன். ஏழு ரூபாய். பாக்கெட் வெண்ணெய் எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. வெண்ணெய் என்றால் வெண்ணெய் என்றிருந்தேன். மாடவீதி வெண்ணெய்க்குப் பதில் இது என்று அந்தோணிக்குத் தெரிந்தால் காரணம் கேட்பார். காரணம் அவரைக் குத்தும். அதனால் பூங்கா ஓரத்தில் நின்று காகிதத்தைப் பிரித்தேன், கட்டியைத் தூக்கில் போட்டுக் குழாய்த் தண்ணீர் ஊற்றினேன், காகிதத்தைப் பையின் அடியில் செருகினேன்.

பேசி வைத்திருந்தபடி ஒன்பது மணிக்கு அந்தோணி பூங்காவுக்கு வந்தார். மீர்சாகிப்பேட்டையில் கறி வாங்கிவிட்டு நேரே வந்திருந்தார். ஒரு தோளில் ஐந்து டஜன் பன், மறு கையில் இலையும் சாக்கும் சுற்றிய பொட்டலம்.

"அண்டர்கட் சார். முதுகெலும்புக்கு அடில கீற துண்டு. நரம்பே இருக்காது, கொழந்தை கன்னம் மாதிரி" என்றார். தூக்கைத் திறந்து பார்த்தார். "இன்னா சார், மஞ்சளா கீது?"

"பசு வெண்ணெய்" என்றேன்.

"அப்டியா. மாட்டுக்கு மாட்டு வெண்ணெ. குடும்பம் ஒண்ணு சேந்துச்சு" என்று சிரித்தார்.

அங்கிருந்து அடையாறுக்கு ஒன்பது கிலோமீட்டர். சைதாப்பேட்டைப் பாலம் தாண்டி, கிண்டிக் காட்டின் வேலியோரமாகப் பேருந்து போகும். வேலிக்கு அந்தப் பக்கம் மான்கள் தலைதூக்கிப் பார்த்தன. கண்டக்டர் சாக்கைப் பார்த்து, "இன்னா நைனா, கறியா? லக்கேஜ் போடட்டுமா?" என்றான். "உனுக்கு ஒரு துண்டு வேணும்னா கேளு. டிக்கெட்டு கேக்காத" என்றார் அந்தோணி. அன்று அவ்வளவு உற்சாகம் அவருக்கு. அறைக்கு ஜன்னல் இருக்கிறதா, கிணறு எந்தப் பக்கம் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

காந்தி நகர் வீட்டில் பத்தரைக்கு அடுப்பு மூட்டினார். நான் பூண்டு உரித்தேன். மதியம் மேனேஜரின் மனைவி தட்டில் சாப்பாடு அனுப்பினார். அந்தோணி தொடவில்லை.

"ஒருசந்தி சார். ஈஸ்டருக்கு மின்னாடி தவசு காலத்து வெள்ளிக்கெழம. பொழுது சாஞ்சப்புறம் ஒரு வேளை. அதுவரைக்கும் நாக்குல ஒண்ணும் படக்கூடாது."

"அப்போ ருசி எப்படிப் பார்ப்பே?"

"துரை வூட்ல இருபது வருசம் ருசி பாத்ததில்ல சார். கைதான் சொல்லும்."

எனக்கு இது விசித்திரமாகப் படவில்லை. எங்கள் வீட்டிலும் சுவாமிக்கு நைவேத்தியம் ஆகாமல் யாரும் நாக்கில் வைப்பதில்லை. வாசனையை வைத்தே உப்பு சொல்லும் குடும்பம்.

மூன்று மணிக்கு வெண்ணெயைக் குழைத்தார். நசுக்கிய பூண்டு, மிளகுத்தூள், பொடியாக அரிந்த கொத்துமல்லி, எலுமிச்சம்பழச் சாறு. கடைசியாக இரண்டு சிட்டிகை போதாது என்று உள்ளங்கையில் அளந்து உப்பு. கறித் துண்டுகளில் மிளகும் உப்பும் தேய்த்து, காய்ந்த இரும்புத் தட்டில் போட்டு, இரண்டு பக்கமும் சிவக்க எடுத்துப் பலகையில் வைத்து மூடினார். "சூட்டோட வெட்டினா சாறு ஓடிப்பூடும். செத்த நேரம் தூங்கட்டும்." பிறகு மெல்லிய வில்லைகளாக அரிந்தார். பன்னை அதே தட்டில் வாட்டி, கறியை வைத்து, மேலே வெண்ணெய் தடவ, அது உருகி ஓரத்தில் இறங்கியது. அறுபது பன்னும் ஒரே அளவு.

ஆறு மணிக்குத் தட்டுகள் புல்வெளிக்குப் போயின. ஆறேகாலுக்கு அப்படியே திரும்பி வந்தன. எடுத்த ஒவ்வொரு பன்னிலும் ஒரே ஒரு கடி.

மேனேஜர் சமையலறைக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை. "வாயில வைக்க முடியலை. ஒரே உப்பு. யாரும் ருசி பார்க்கலையா?"

"ஒருசந்தி சார்" என்றார் அந்தோணி.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "நீங்க?"

"நான் சைவம் சார்."

"நல்ல ஆட்கள்" என்றார்.

நான் பின்கட்டுக்குப் போய்ப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். சின்ன ஆங்கில எழுத்தில் உப்பு சேர்த்தது என்று போட்டிருந்தது. மடித்துத் திரும்ப உள்ளே வைத்தேன். நான் வருவதற்குள் அந்தோணி, "கை தப்பிச்சு சார். என் தப்புதான்" என்று சொல்லி முடித்திருந்தார். மேனேஜர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். ஒரு வாக்கியம் போதும். பாக்கெட் ஏன் வாங்கினீர்கள் என்று கேட்பார், சிரிப்பார், என்னைக் கேலி செய்வார். அந்தக் கேலிக்குப் பயந்து பேசாமல் நின்றேன்.

ஏழரைக்குத் திரும்பும் பேருந்து. அந்தோணி உள்ளங்கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சார், நான் உப்பு ரெண்டு தபா போட்டுட்டனா? நீங்க பக்கத்துலதான நின்னுகினு இருந்தீங்க. பாத்தீங்களா?"

"கவனிக்கலையே, அந்தோணி."

"ஆமா, பாத்திருந்தா சொல்லிருப்பீங்க."

அடையாற்றுப் பாலத்துக்கு அருகே இறங்கினார். கரையோரமாகக் குடிசைகளை நோக்கி நடந்தார். மனைவியிடம் அறையைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் அந்த அறைக்குப் பெங்களூரிலிருந்து வேறு சமையல்காரர் வந்தார். மறுமாதம் அந்தோணி டீ வேலைக்கும் வருவதை நிறுத்திவிட்டார்.

மூன்று ஆண்டு கழித்து, மாம்பலம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மிலிட்டரி ஓட்டல் வாசலில் அவரைப் பார்த்தேன். நல்ல வெயில். தெருவைப் பார்த்த அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியால் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா கீறீங்களா சார்?"

"நல்லா இருக்கேன். இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே. தவசு காலம் முடிஞ்சுதா?"

"இல்ல சார், ஒருசந்திதான். ஆனா அன்னிலேர்ந்து ருசி பாக்காம ஒண்ணும் எறக்கறதில்ல. கைய நம்ப முடியல. தப்புதான். பெரிய வெள்ளிக்கு முன்னால சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடுவேன். வருசா வருசம் இதான் மொதப் பாவம்." சிரித்தார். "அவருக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, கரண்டியோடு திரும்பிவிட்டார். நான் நடந்தே வீடு திரும்பினேன்.

மாம்பலத்திலிருந்து மயிலாப்பூர் நான்கு கிலோமீட்டர். எங்கள் தெருவைச் சுற்றி நான்கு பக்கமும் கோயில். மணி உண்டு, தீபாராதனை உண்டு, பிரசாதம் உண்டு. மண்டியிட்டுச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பதற்கு உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். அந்தோணியின் கை தப்பவில்லை. வெண்ணெயிலேயே உப்பு இருந்தது. அதை வாங்கியவன் நான்.