ரொட்டியின்மேல் நான் இட்ட கீறல்

அம்பலத்தில் ஆடும் பெருமானே, சினத்தோடு எழுத அமர்ந்திருக்கிறேன். என் சொல் பொய்யின் பக்கம் சாயாதபடி காத்தருள்க.

இன்று மார்கழித் திருவாதிரை. இந்த நன்னாளில் அடியவர் மனம் குளிரவேண்டும். எனக்கோ ஆண்டுதோறும் கொதிக்கிறது. ஆறாததை ஆறிவிட்டதாகக் காட்டிக்கொள்வதும் பொய்யே என்பதால் எழுதுகிறேன்.

இலங்கை சுதந்திரம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மலைநாட்டில் வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் நான் சமையற்காரன், கோக்கி என்பார்கள். மார்கழி விடியலில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றிவரும் பஜனையில் பதிகம் பாடுவதும் நானே. திருவாதிரையன்று கோயிலில் முதற்பதிகம் பாடும் உரிமை என் தகப்பனாருக்குப் பின் எனக்கு வந்தது. இந்த உலகில் என்னுடையது என்று நான் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

துரையின் மனைவி, எங்கள் துரைசானி, அயர்லாந்தில் பிறந்தவர். தம் ஊர் ரொட்டிக்கு ஏங்கி, மாவு, உப்பு, அப்பச்சோடா, மோர் என்று நான்கு பெயர்களைச் சொன்னார். அவர் சொல்லித் தந்தது அவ்வளவே. மிச்சத்தைக் கற்றது என் கை. அந்தக் குளிரில் பால் எளிதில் உறையாது. பானையைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைத்து, உறைந்ததைக் கடைந்து, வெண்ணெயை நீக்கி மோர் எடுத்தேன். மாவை அழுத்திப் பிசைந்தால் ரொட்டி கல்லாகிவிடும். தொட்டும் தொடாமலும் கூட்டவேண்டும். பிறகு உச்சியில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக ஆழக் கீறினால்தான் சூடு உள்ளே இறங்கும். இரண்டு ஆண்டுகள், நாள் தவறாமல் கீறினேன்.

அந்த மார்கழியில் ஒருநாள் பஜனை முடிந்ததும் தோட்டத்து வேலையாட்களை மேற்பார்க்கும் பெரிய கங்காணி என்னை நிறுத்தினார். கோயில் தலைவரும் அவரே.

“என்னய்யா கோக்கி, பங்களாவுல ரொட்டி மேல சிலுவை போடுறியாமே?”

“அது வேகுறதுக்காகக் கீறுறதுங்க ஐயா.”

“எதுக்குப் போட்டாலும் சிலுவை சிலுவைதான். அந்தக் கையில தாளத்தப் புடிச்சிக்கிட்டு சாமி முன்னுக்கு நிப்பியா?”

சுண்டலுக்குக் காத்திருந்த கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி, “கங்காணி ஐயா வூட்டு ஜன்னல் கம்பியும் குறுக்க நெடுக்கத்தானே இருக்கு? அதையும் கழட்டிருவமா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கங்காணி மட்டும் சிரிக்கவில்லை. “திருவாதிரைக்குள்ள முடிவு சொல்லுறேன்” என்று போய்விட்டார்.

உருவும் அருவும் கடந்த ஒருவனுக்கு ரொட்டியின்மேல் இரண்டு கோடுகளால் என்ன குறை வந்துவிடும்? அதை அவரிடம் கேட்காமல் விட்டேனே என்று இன்னும் பல்லைக் கடிக்கிறேன்.

திருவாதிரைக்கு முந்திய மாலை, பக்கத்துத் தோட்டத்துத் துரைசானி விருந்தாளியாக வந்து தங்கினார். அவரும் அயர்லாந்து வழியினரே. தேநீரோடு ஒரு துண்டைக் கடித்தவர் முகம் சுளித்தார்.

“இது நம் ஊர் ரொட்டியே இல்லை. திராட்சை எங்கே? முட்டை எங்கே? என் அம்மா சீனியும் போடுவார்.”

“அப்படியானால் உங்கள் அம்மா சுட்டது கேக்” என்றார் எங்கள் துரைசானி.

விருந்தாளியின் காது சிவந்தது. “இருக்கட்டும். இதன்மேல் சிலுவை போட்டது யார்? வீட்டுக்காரி ஜெபம் சொல்லிப் போடவேண்டும். உங்கள் சமையற்காரன் போட்டிருந்தால் இது வெறும் மாவு.”

நான் தேநீர்ப் பாத்திரத்தோடு அருகில் நின்றேன். சமையலறை ஆங்கிலம் எனக்கு நன்றாகவே புரியும். எங்கள் துரைசானி என் பக்கம் திரும்பாமல், “தினமும் நான்தான் போடுகிறேன்” என்றார்.

வாதத்தில் வெல்ல ஒரு வார்த்தை. அதற்காக என் இரண்டாண்டு உழைப்பை என் கண்முன்னே எடுத்துத் தம் கைக்குச் சூட்டிக்கொண்டார். இந்த மலையில் பிறந்த எங்களையே இந்நாட்டவர் அல்லர் என்று சட்டம் எழுதி வைத்திருந்த காலம் அது. பிறந்த மண்ணும் எங்களுடையதில்லை, சுட்ட ரொட்டியும் எங்களுடையதில்லை!

மேசையருகே நின்ற பட்லர், எனக்கு நன்மை செய்வதாக எண்ணி, அதை அப்படியே கங்காணியிடம் சொல்லிவிட்டான். மறுநாள் விடியலில் கோயிலில் கங்காணி வாயெல்லாம் பல்லாக வந்தார்.

“தப்பா நெனச்சிட்டேன்யா. துரைசானியே சிலுவை போடுதாமே! நீ மாவு கொழைக்கிறதோட சரியாமே! இந்தா, புடி தாளத்த. பாடு.”

வாய் திறவாமல் வாங்கிக்கொண்டால் போதும். உரிமை என்னிடமே இருக்கும். அலங்காரத்தில் இறைவன் நின்றான். அவன் எதிரே பொய்யை விழுங்கிய வாயால் அவன் புகழை எப்படிப் பாடுவது?

“இல்லீங்க ஐயா. கீறுனது நான்தான். நாளைக்கும் நான்தான் கீறுவேன்.”

“புத்தி கெட்ட மனுசா, ஒனக்கு வழிதானே வுட்டேன்?”

“பொய்யான வழிங்க.”

தாளம் அவருடைய மைத்துனரின் கைக்குப் போயிற்று. அவர் பண்ணும் இல்லாமல் பொருளும் இல்லாமல், ரயிலைப் பிடிக்க ஓடுபவர்போலப் பாடி முடித்தார். நான் கூட்டத்தின் பின்வரிசையில் வாய்மூடி அமர்ந்திருந்தேன்.

பங்களாவுக்குத் திரும்பியபோது சமையலறையில் விருந்தாளி, சிலுவை போடுவதைக் காட்டச் சொல்லி வேடிக்கை பார்க்க நின்றார். எங்கள் துரைசானி, பட்லரைக் கொண்டு மாவு கூட்டி வைத்துவிட்டுக் கையில் கத்தியோடு திகைத்திருந்தார். என்னைக் கண்டதும் தணிந்த குரலில், “எவ்வளவு ஆழம்?” என்று கேட்டார்.

“தினமும் போடுவது தாங்கள்தானே, அம்மா” என்றேன், விருந்தாளிக்கும் கேட்கும்படி.

அவர் முகம் வெளிறியது. என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கங்காணியும் கேட்கவில்லை. மறு ஆண்டு, மைத்துனரின் பாட்டைக் கேட்க முடியாமல், என்னையே மீண்டும் அழைத்தார்கள். இறைவன் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லையே என்று போய்ப் பாடினேன். அவர்களை மட்டும் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அந்த மனத்தையும் அவனே தரவேண்டும்.

இதைப் படிப்போர் யாவரும் பசியும் பிணியும் இன்றி, தம் கை செய்ததைத் தமதென்று எவர் முன்னும் சொல்லும் துணிவோடு நீடு வாழ்க.