வல்லக்கோட்டையில் நிற்கிறவர் பெயர்

வெளிநாடு போன முன்னோர்களைத் தேடுவது எப்படி என்று சொல்லித்தரும் ஓர் ஆங்கிலப் புத்தகத்தை ஆன்லைனில் வாங்கினேன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் இடத்தில் எனக்கு வேலை. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் பிரித்ததுமே எரிச்சல் வந்தது. உங்கள் குடும்பப் பெயரை முதலில் எழுதுங்கள் என்றது. எந்தக் குடும்பப் பெயர்? எங்களிடம் இருப்பது ஒரே ஓர் எழுத்து. அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்கிறோம், நம் பிள்ளைக்கு அதுவும் மாறிவிடுகிறது. இதை எழுதியவருக்குத் தெரிந்தவர்களில் ஒரு தமிழன்கூடவா இல்லை?

நான் தேடியது என் அப்பாவின் அப்பாவை. அப்பா வயிற்றில் இருக்கும்போதே அவர் மலேயாவுக்குக் கப்பல் ஏறினார். அதோடு சரி, ஒரு தகவலும் இல்லை. ஊரில் என் அப்பாவுக்கு ‘ஓடிப்போனவன் புள்ள’ என்றே பெயர். பள்ளிக்கூடத்தில், கல்யாணப் பந்தியில், வரப்புத் தகராறில் எங்கும் அதைத்தான் முதலில் எடுத்து வீசுவார்கள். இப்போது அப்பாவுக்கு இருதயம் சரியில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தாளு செத்தாரா, இல்ல வேற குடும்பம் வச்சிகினு ஜாலியா இருந்தாரா? அது மட்டும் எனக்குத் தெரியணும்.”

அதற்காகத்தான் அந்தப் புத்தகம். அது சொன்ன இணையதளங்களில் எல்லாம் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. இனிஷியலைப் போட்டால் ஓர் எழுத்து போதாது என்று சிவப்பில் திட்டும். மாதாகோயிலில் ஞானஸ்நானப் பதிவைப் பாருங்கள் என்று ஓர் அத்தியாயம். நாங்கள் ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டையில் மொட்டை போடுகிறவர்கள். புத்தகத்தைத் தூக்கி டிபன் பாக்ஸுக்கு அடியில் போட்டேன்.

மலேசியாவில் பழைய எஸ்டேட் சுடுகாடுகளில் நிற்கும் கற்களைப் படம் எடுத்து, பெயர்வாரியாக அடுக்கி வைத்திருக்கும் ஒருவரை எப்படியோ பிடித்தேன். நல்ல மனிதர். அப்பா சொன்ன பெயரை வைத்துத் தேடிவிட்டு, செங்கல்பட்டு ஜில்லாக்காரர் யாரும் அந்தப் பெயரில் இல்லை என்று எழுதினார். இதைக் கேள்விப்பட்டு எனக்குச் சித்தப்பா முறையாகும் ஒருவர் வீடு தேடி வந்தார்.

“பேரை மாத்திகினு இன்னொருத்திகூட வாழ்ந்திருப்பான். நான்தான் அப்பவே சொன்னேனே” என்றார்.

அப்போது இவர் பிறக்கவே இல்லை. காபியை வேறு குடித்துவிட்டுப் போனார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அந்த டம்ளரைக் கழுவக்கூட மனசு வரவில்லை.

அடுத்த வார லீவில் மணிமங்கலம் போனேன். அப்பாவின் அக்கா, என் அத்தை, அங்கேதான் வாழ்க்கைப்பட்டது. தாத்தா கப்பல் ஏறினபோது அத்தைக்கு விவரம் தெரிந்த வயது. எந்தத் தோட்டம், யாரோடு போனார் என்று கேட்கப் பெயரோடு ஆரம்பித்தேன்.

“யாரு அது?” என்றது அத்தை.

“இன்னா அத்தை, உன் அப்பாதான்.”

“எங்க நைனா பேரு அது இல்லியே.”

அத்தை சாவகாசமாக வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னது. அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அத்தையும் கூடப் போயிருக்கிறது. தகப்பன் பேர் என்ன என்று வாத்தியார் கேட்டிருக்கிறார். புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாதே! “வல்லக்கோட்டையில நிக்கிறாரே, அவரு பேரு” என்றாளாம் அவர்கள் அம்மா. முருகனுக்கு ஒரு பெயரா, இரண்டு பெயரா? வாத்தியார் தனக்கு முதலில் தோன்றியதை எழுதிவிட்டார்.

“நீ ஏன் சொல்லல?” என்று கத்திவிட்டேன்.

“வாத்தியார் எழுதினத தப்புன்றதா? தம்பிய சேத்துக்காம பூட்டா? அதுக்கப்புறம் என்னை யாரு கேட்டீங்க?”

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. பெயரை மாற்றியது அவர் இல்லை, நாங்கள். அப்பாவின் ரேஷன் கார்டு, பட்டா, எங்கள் கல்யாணப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் அப்பா பெயருக்கு முன்னால் யாரோ ஒருவரின் எழுத்து நிற்கிறது. அந்தச் சித்தப்பாவை நடுத்தெருவில் நிற்கவைத்துக் கேட்கவேண்டும்போல இருந்தது.

அத்தையிடம் கேட்டு வந்த சரியான பெயரை அனுப்பினேன். மலேசியாக்காரர் உடனே ஒரு படம் அனுப்பினார். சின்னக் கல். அந்தப் பெயர், எங்கள் ஜில்லா, எங்கள் ஊர். கூட வேலை செய்தவர்கள் நட்டது என்று கீழே இருந்தது. கப்பல் ஏறின அதே வருடம் காலமாகியிருக்கிறார். அப்பா அப்போது பிறக்கவில்லை.

போனைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நிம்மதியாகிவிடுவார் என்று நினைத்திருந்தேன்.

“எங்கம்மா சாவுற வரைக்கும் பொட்டு வச்சிகினு இருந்தா. ஒரு நாளு குடிச்சிட்டு வந்து நானே கேட்டேன், ஓடிப்பூட்டவனுக்கு எதுக்குப் பொட்டுன்னு. அழிச்சிட்டா. மறுநாளு காலையில மறுபடியும் வச்சிகினா. ஒரு வார்த்தை பேசல.”

“பேரையாவது சொல்லியிருக்கலாமேப்பா” என்றேன்.

போனை என் மேல் வீசினார்.

“பேரைச் சொன்னா புருசனுக்கு ஆயுசு கொறையும்னு வாய மூடிகினு இருந்தா! செத்தவனுக்கு எந்த ஆயுசு கொறையப் போவுது?”