சேக்காட்டில் அண்ணி போட்ட அம்புகள்

கோலமாவில் நீளமாக ஓர் அம்பு. அதன் முனையிலிருந்து திரும்பி வரும் குட்டி மஞ்சள் அம்பு ஒன்று. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில், சேக்காட்டில் எங்கள் வாசலுக்கு நேரே தெருவில் கிடந்த அந்த இரண்டும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. போட்டவர் என் அண்ணி.

முகப்பேரில் ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் அண்ணி தற்காலிக உதவியாளர். பிளஸ் ஒன் இயற்பியலில் தேறினால்தான் வேலை நிலைக்கும். இரண்டு முறை தவறிவிட்டார். மறுநாள் மூன்றாவது தேர்வு. இதுவும் போனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். அவரைப் படுத்தி எடுத்தது இணை வெக்டர்களைக் கழிப்பது. ஒரே திசையில் போகும் இரண்டு அம்புகளில், கழிக்க வேண்டியதைத் திருப்பி, மற்றதன் முனையில் அதன் வாலை ஒட்ட வேண்டுமாம். தாளில் போட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு விடை எதுவென்றே தெரியவில்லை. நான் எட்டாவதோடு நின்றவன். அம்மனை வேண்டிக்கொள்வதைத் தவிர என்னால் ஆனது ஒன்றுமில்லை. பெரிதாகப் போட்டுப் பார்க்கலாம் என்று தெருவுக்கு வந்தவர், விடைக்கோட்டை எங்கிருந்து எதுவரை இழுப்பது என்று தெரியாமல் புத்தகம் எடுக்க உள்ளே போனார்.

அந்த நேரம் பார்த்து, நெமிலிச்சேரியிலிருந்து வேற்காட்டு அம்மன் கோயிலுக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வந்துவிட்டார்கள். வழி தெரிவதற்காக அவர்கள் ஆட்கள் முந்தின நாளே தெருவில் மாவால் அம்பு போட்டு வைப்பது வழக்கம். கேட்க வேண்டுமா! அத்தனை மஞ்சள் புடவையும் மேளத்தோடு பெரிய அம்பின் வழியே போய், முனையில் திரும்பி, சின்ன அம்பின் வழியே வந்து, பாதித் தெருவில் நின்றுவிட்டது. அவர்களுக்கு ஊற்ற வைத்திருந்த மோர்க்குடத்தோடு நான் திருதிருவென்று விழித்தேன்.

"இன்னா நைனா இது? போவச் சொல்லிட்டுத் திரும்பி வரச் சொல்லுது. ஆத்தா வேற்காட்டுல தான கீது, இங்க வந்துட்ச்சா?" என்றார் முன்னால் வந்த பெரியவர்.

புத்தகத்தோடு ஓடிவந்த அண்ணி, கூட்டம் புறப்பட்ட இடத்தையும் பெரியவர் நின்ற இடத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"தாத்தா, நவுராதீங்க! நீங்கதான் ஆன்சர்!"

புறப்பட்ட இடத்திலிருந்து பெரியவரின் காலடி வரைக்கும் குனிந்தபடியே மாவுக்கோடு இழுத்து, முனையும் வைத்தார். காலில் விழுகிறாள் என்று நினைத்த பெரியவர், நெற்றியில் குங்குமம் வைத்து, "நல்லா இரு தாயி" என்றார்.

மறுநாள் அதே கணக்கு வந்தது. "தாத்தா எங்க நின்னாருன்னு நெனச்சேன் தம்பி, அங்கியே முனைய வெச்சிட்டேன்" என்றார் அண்ணி. தேறிவிட்டார், வேலையும் நிலைத்தது. அம்மன் அருள் என்று நான் சொன்னதற்கு, "படிச்சது நானு" என்றார்.

ஆனாலும் இந்த ஆடியில் மஞ்சள் புடவை கட்டி, வேற்காட்டுக்கு நடந்தே வந்தார். வழியில் அம்பு தென்பட்ட இடத்திலெல்லாம் நின்று, யார் போட்டது என்று விசாரித்த பிறகுதான் காலெடுத்து வைத்தார்.